நாலாவது குழாய்

ஜூலை 10, வியாழன்

சரித்திரம் இன்று சாயங்காலம் அக்கா வீட்டு அடுப்படியில் ஆரம்பமானது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் குழம்பிப் போகக் கூடாது என்பதற்காக உடனே எழுதி வைக்கிறேன்.

என் அக்கா பேச்சியம்மாளின் மகள் வடிவு, ஒரு வாரம் கழுகுமலை மைதானத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறாள். விடிந்து ஏறினால் மதியம் சாப்பிட ஒரு தரம் இறங்கலாம், பொழுது அடைய ஒரு தரம் இறங்கலாம். மற்றபடி கால் தரையில் படக் கூடாது. முன்பெல்லாம் ஊர் ஊராக வந்து இப்படிச் சுற்றுவார்கள், ஜனங்கள் அவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துவார்கள். அதே வித்தை. ஒரு பெண் இதைச் செய்வது உலகத்திலேயே முதல் முறை என்று நோட்டீசில் போட்டுவிட்டேன். இல்லை என்பவன் நிரூபிக்கட்டும்.

எல்லாம் அவள் தம்பி கழுகாசலத்துக்காக. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு ரெண்டு கிட்னியும் வேலைநிறுத்தம். செவ்வாய், வியாழன், சனி என்று திருநெல்வேலிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து போவான், வரும்போது துணி மாதிரித் துவண்டு வருவான். சுற்றுப்பட்டியில் அவனைப் போல இன்னும் பலர். "எங்க எல்லாத்துக்கும் சேத்து ஒரு வேன் இருந்தா படுத்துக்கிட்டே வரலாம் மாமா" என்றான் ஒருநாள். அவன் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த வேனுக்குத்தான் இந்தச் சைக்கிள்.

வடிவு தபால்காரி. கிராமம் கிராமமாக மிதித்து மிதித்து அவள் கால் இரும்பாகி, அந்த இரும்பும் உருகி எஃகாகிவிட்டது. என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உலகநாதன் சவுண்ட் சர்வீஸ். பங்குனித் தேரோட்டத்தில் நான் ‘ஓரமா நில்லுங்க’ என்று சொன்னால் சங்கரன்கோவிலில் ஜனம் ஓரமாக நிற்கும்.

அத்தான் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மாப்ள, மைக்குல நீதான் பேசுவியோ?"

"வேற யாரு அத்தான்?"

"அதான் கேட்டேன்" என்றவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த ‘அதான்’ எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

ஒலிபெருக்கிக் குழாய் கட்டினோம். ஒன்று மேடையில், ஒன்று பஸ் ஸ்டாண்டில், ஒன்று மலை அடிவாரத்தில். நாலாவதற்கு இடம் தேடினோம். மைதானத்தை ஒட்டி அடுத்த தெருவே அக்கா வீடு. மொட்டைமாடியில் உயரம் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. கழுகாசலம் படுக்கிற அறைக்கு நேர் மேலே கட்டிவிட்டேன். பிள்ளை படுத்தபடியே கேட்கட்டுமே!

மேற்பார்வைக்கு டீக்கடைச் சீனிப்பாண்டி. வடிவின் கால் தரையில் படுகிறதா என்று நாற்காலி போட்டுப் பார்ப்பதே அவன் வேலை. ஊரில் யாரையும் நம்பாத ஒரே மனிதன் அவன். பால்காரன் கண் முன்னால் கறந்து கொடுத்தாலும் மாட்டையே முறைத்துப் பார்ப்பான். நான் அவனை நம்பவில்லை. அவன் என்னை நம்பவில்லை. ஏற்பாடு சரியாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

கோலாகலம்! லட்சம் பேர். (சீனிப்பாண்டி நூறு என்கிறான். அவனுக்குக் கண்ணில் புரை.) வடிவு கொண்டையை இறுக்கி முடிந்து, குறுக்கே ஒரு பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினாள். நோட்டுக் குத்துவது அந்தத் துண்டில். நான் வாயைத் திறந்ததும் மலையிலிருந்து கழுகுகள் பறந்து வந்து வட்டமிட்டன. காக்கைகள் என்று சொல்வோரும் உண்டு.

ஜூலை 14, திங்கள்

வெயில் வந்தது, ஜனம் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் மந்தம். வடிவு சுற்றுகிறாள், சீனிப்பாண்டி அவள் செருப்பையே பார்க்கிறான், ரெண்டு ஆடு பார்க்கிறது. துண்டில் குத்தியிருந்த நோட்டெல்லாம் பத்து ரூபாய்த் தாள். இப்படியே போனால் வேனுக்குச் சக்கரம் வாங்கலாம். ஒரு சக்கரம்.

சாயங்காலம் கழுகாசலம் திருநெல்வேலியிலிருந்து வந்தான். பாதி செத்த பிள்ளை மாதிரி (வாய் கழுவு, உலகநாதா) வந்தும், மைதானத்தில் நின்று வடிவுக்குக் கை தட்டினான்.

"மெதுவா மிதி, எக்கா. வேன் ஓடிறாது."

"நீ போய்ப் படுல, எலும்புக்கூடு."

அவன் என் காதோரம் சொன்ன விஷயம் ஒன்று என்னை உறுத்துகிறது. "மாமா, இன்னைக்கும் அம்மா டாக்டரம்மாட்ட தனியாப் போய்ப் பேசிட்டு வந்தா. என்னன்னு கேட்டா மூஞ்சியத் திருப்புதா."

அக்காவிடம் கேட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லல, அரிசி களையணும்" என்றாள். அரிசி ஏற்கெனவே உலையில் வெந்துகொண்டிருந்தது.

ஜூலை 16, புதன்

இந்த நாளைப் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டும். பேனா நீல மை. பொறுத்துக்கொள்க.

காலையில் மைக்கைப் பிடித்து வழக்கம் போல ஆரம்பித்தேன். எங்கள் வடிவு சிங்கம், புலி, எட்டுத் திக்கு யானை. ஒருத்தரும் திரும்பவில்லை. சந்தைக்குப் போகிற கூட்டம் சந்தைக்கே போனது. அப்போது என் வாயில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. நான் அழைக்கவில்லை. அதுவாக வந்தது.

"டாக்டர் கைய விரிச்சுட்டாங்க. எங்க பிள்ள வாற ஆவணியப் பாக்க மாட்டான்."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லைதான். ஒரு ஆழாக்குப் பாலுக்கு ஒரு குடம் தண்ணீர் என்பது எங்கள் தொழிலில் தள்ளுபடி. ஆனால் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. சிங்கமும் வரவில்லை, யானையும் வரவில்லை. மைதானத்துத் தூசி தொண்டையில் அடைத்துக்கொண்டது. கண்ணிலும் அடைத்தது. கொஞ்ச நேரம் மைக்கில் வெறும் மூச்சுதான் போயிருக்கும்.

சந்தைக் கூட்டம் அப்படியே நின்றது. பிறகு உள்ளே வந்தது! பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குத்தினார்கள். கறிக்கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்த் தாளை ரத்தக் கையோடு குத்தினார். வடிவு மட்டும் சுற்றி வரும்போதெல்லாம் என்னை முறைத்துக்கொண்டே போனாள். வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

நாலு குழாயும் இன்று தங்கமாகக் கேட்டன. குறிப்பாக நாலாவது.

ஜூலை 17, வியாழன்

துரோகம்! எங்கள் குடும்பத்துக்குள் ஒரு கருப்பு ஆடு!

இன்று கழுகாசலம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அத்தான் எழுப்பினால், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "எதுக்குப்பா? ஆவணி வரைக்கும்தான? அதுக்கு எதுக்கு ஊசி?" நேற்று மதியத்திலிருந்தே அவன் சாப்பிடவில்லையாம்.

யாரோ இந்தப் பிள்ளையிடம் எதையோ சொல்லியிருக்கிறார்கள். எவன் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். முதலில் அத்தானை மடக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. குற்றவாளிகள் அப்படித்தான் பார்ப்பார்கள். அடுத்து சீனிப்பாண்டி.

"ஏம்ப்பா சீனி, எங்க வீட்டு விஷயத்த எவன்ட்டயாவது வாய விட்டியா?"

"எந்த விஷயம்?"

"அதான், பிள்ளைக்கு ஆவணி வரைக்கும்னு."

"நேத்து நீருதான வேய் நாலு குழாயிலயும் சொன்னீரு?"

"அது பொதுவுல சொன்னது. பிள்ளைட்டப் போயி தனியா எவன் சொன்னான்னு கேக்கேன்."

அவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். அந்தப் பார்வையும் சரியில்லை. குறித்துக்கொண்டேன்.

கடைசியாக அக்காவிடம் போனேன். "டாக்டரம்மா ஒன்ட்டத் தனியா என்னக்கா சொன்னாங்க? இப்பவாவது சொல்லு" என்றேன். அவ்வளவுதான், அம்மிக்கல் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். "நான் பாவில. எங்கையாலயே எம்பிள்ளைய..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சும்மா அளந்தது நிஜமாக இருந்துவிட்டதோ? இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் மறைத்த விஷயத்தைத்தான் நான் உளறிவிட்டேனோ? அல்லது நான் சொன்னதால்தான் அப்படி ஆகப் போகிறதோ? கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். கருநாக்கு என்றால் ஓரத்தில் மச்சம் இருக்குமாம். வெற்றிலைக் காவிதான் தெரிந்தது. நன்றாகத் தேய்த்தும் பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

மைக்கை சீனிப்பாண்டியிடம் கொடுத்துவிட்டு (அவன் ‘ஓடுது, பாத்துக்கோங்க’ என்று மட்டும் சொன்னானாம்) திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். டாக்டரம்மா சின்ன வயசு, பெரிய கண்ணாடி.

"நான் தாய்மாமன். எதுனாலும் எங்கிட்டச் சொல்லுங்க. தாங்குவேன்" என்றேன். நெஞ்சை நிமிர்த்தினேன். கைதான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்.

"அவன் ஏன் நேத்து வரல?" என்று அந்தம்மா என் மேலேயே பாய்ந்தார். ஆவணி வரைக்கும்தான் என்று நினைத்துப் படுத்துவிட்டான் என்றேன். "ஆவணியா? யாரு சொன்னது? ஒழுங்கா வந்தா வருஷக்கணக்கா நல்லா இருப்பான். மாற்றுக் கிட்னிக்குப் பதிஞ்சிருக்கோம். ஆனா வராம இருந்தா வேற கதை. தண்ணி நெஞ்சுக்கு ஏறிடும். நாளைக்கு அவன் இங்க இருந்தாகணும். புரியுதா?"

"அப்ப அவங்க அம்மாகிட்டத் தனியா என்ன சொன்னீங்க?"

"இளநி கொடுக்காதீங்கன்னு சொன்னேன். உடம்புக்குக் குளிர்ச்சின்னு தினம் ஒண்ணு வெட்டிக் கொடுத்திருக்காங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு அது விஷம் மாதிரி. அவன் அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாருன்னு அழுதாங்க. சரி, சொல்லலன்னேன்."

பஸ் ஸ்டாண்டு வரை நான் நடக்கவில்லை. மிதந்து போனேன். வழியில் அல்வாவைக்கூடப் பார்க்கவில்லை. இதை நம்ப வேண்டாம், பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கழுகாசலத்தின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இளநீரை மட்டும் விட்டுவிட்டேன். அக்கா மானம். அவன் கால் இரண்டும் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"மாமா, என்னைக்காவது நெசம் பேசிருக்கியளா? மலையில பாறை உருளுச்சு, நான் ஒத்தக் கையால நிறுத்துனேன்னு சொன்னிய. நம்ம வீட்டுப் பூனை புலிக்குப் பொறந்ததுன்னு சொன்னிய."

"அது வேறல. இது டாக்டரம்மா சொன்னது."

"புதன்கிழமை சொன்னதும் டாக்டர் சொன்னதுதான?"

"அது சும்மா சொன்னேன்! சத்தியமா!"

"இல்ல மாமா." அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். விரல் குளிர்ந்து இருந்தது. "அன்னைக்கு மட்டும் நீங்க பொய் சொல்லல. எனக்குத் தெரியும். ஒரு சிங்கம் இல்ல, ஒரு யானை இல்ல. அப்படியே நின்னுட்டிய. அழுதிய. மேல இருக்க குழாயில ஒங்க மூச்சு மட்டும் கேட்டுது. நீங்க அழுது நான் பாத்ததே இல்ல."

தூசி என்று சொன்னேன். நம்பவில்லை.

"அப்ப நாளைக்கு மைக்குலயே சொல்லுதேன். ஊரறிய, நான் சொன்னது பொய்னு."

சடாரென்று எழுந்து உட்கார்ந்தான். "கூடவே கூடாது. ஊரை ஏமாத்திட்டான்னு குத்துன நோட்டெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. நான் போனாலும் வேன் ஓடணும், மாமா. மத்தவங்க படுத்துக்கிட்டு வரணும்."

வாசலில் வடிவு நின்றிருந்தாள். இறங்கி வந்த கால் நடுங்கிக்கொண்டிருந்தது. "யாரக் கேட்டு அன்னைக்கு அப்படிப் பேசினிய? யாரக் கேட்டு?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "சொல்லிருங்க மாமா. வேன் போனாப் போவுது" என்றாள்.

துரோகியைத் தேடும் பணி இத்துடன் கைவிடப்படுகிறது.

ஜூலை 19, சனி. திருநெல்வேலி

நடந்ததை அவசரமாக எழுதுகிறேன்.

காலையில் மேடை ஏறினேன். கடைசி நாள். இந்த முறை நிஜமாகவே கூட்டம். வடிவு சுற்றிக்கொண்டிருந்தாள், பச்சைத் துண்டு தெரியாதபடி நோட்டு. கார் பேசி மெயின் ரோட்டில் நிறுத்தியிருந்தேன். பயணி மட்டும் பாக்கி. மேடையிலிருந்து பார்த்தால் அக்கா வீட்டு வாசலும் மொட்டைமாடியும் தெரியும். ரெண்டிலும் கழுகாசலம் இல்லை.

"புதன்கிழமை நான் சொன்னது பொய்" என்றேன்.

இவ்வளவு சின்ன வாக்கியத்தை இந்த மைக்கில் நான் பேசியதே கிடையாது. குழாய்களே திகைத்தன.

"டாக்டர் அப்படிச் சொல்லல. எங்க பிள்ள ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குப் போனா நல்லா இருப்பான். வேன் வேணுங்கறது நெசம். நான் சொன்னதால அவன் வியாழக்கிழமை போவல. குத்துன நோட்டு வேணுங்கறவங்க வாங்கிக்கிடுங்க."

போச்சு என்று நினைத்தேன். அப்புறம் முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கே கேட்டது. "பிள்ள காதுல விழுதுன்னு மறைக்கான், பாவம். தாய்மாமன் மனசு." அவ்வளவுதான்! பெரியம்மாவுக்கு மறைத்தது, மாமனாருக்கு மறைத்தது என்று ஆளுக்கொரு கதை சொல்லி அழுதுகொண்டே மறுபடி நோட்டுக் குத்தக் கிளம்பிவிட்டார்கள், ஊக்கோடு. ஒருவர் என் தோளைத் தட்டி, "நல்ல காரியம் பண்ணீரு. நோயாளிட்டச் சொல்லவே கூடாது" என்றார்.

என் ஆயுளில் நான் சொன்ன முதல் நிஜம். ஒரு ஆள்கூட நம்பவில்லை.

மொட்டைமாடி காலியாகவே இருந்தது. இந்தப் பொல்லாத ஊர் நம்பாததை அவன் மட்டும் எப்படி நம்புவான்? என்ன சொல்வதென்று தெரியாமல், டாக்டரம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தேன். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறுவது. மாற்றுக் கிட்னிக்குப் பதிந்தது. ஒப்பித்துக்கொண்டே போன வேகத்தில் அதுவும் வந்து விழுந்துவிட்டது.

"அவங்க அம்மாட்டத் தனியாச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். தினமும் அவனுக்கு இளநி வெட்டிக் கொடுக்காதீங்கன்னு சொன்னாங்க."

அடுத்த கணம் தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாமல், குழாய் இல்லாமல்.

"ஏல உலகு! நாசமாப் போவ! ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே! ஒன்னிய எவம்ல அதச் சொல்லச் சொன்னான்?"

அக்கா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே அத்தான்.

"என்னடி சொல்லுதான்? இளநியா? எம்பிள்ளைக்கா?"

"ஒடம்புக்குக் குளிர்ச்சின்னுதான கொடுத்தேன்! நீரு என்னத்தக் கொடுத்தீரு?"

"தென்னையில காய் கொறையுதுன்னு நான் அணிலச் சந்தேகப்பட்டேனே, பாவி!"

"அணிலுக்குக் கொடுக்கத்தான் ஒமக்கு மனசு வரும்!"

அப்போதுதான் மொட்டைமாடியில் ஒரு தலை தெரிந்தது. எப்படியோ படியேறி வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுகாசலம். கீழே அம்மா கரண்டியை ஆட்டுவதையும் அப்பா தென்னையைக் காட்டிக் கத்துவதையும் எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான்! மூச்சு இரைக்க இரைக்கச் சிரிக்கிறான். என் பேச்சை நம்பாத பயல், அம்மாவின் ஆத்திரத்தை நம்பிவிட்டான். அதை யாராலும் ஒத்திகை பார்க்க முடியாது.

"மாமா! கார் எங்க நிக்குது?"

மெயின் ரோட்டில். நடுவில் ஊர்க் கூட்டம் மொத்தமும். அவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான் யோசிப்பதற்குள் வடிவு ஹேண்டிலைத் திருப்பிவிட்டாள். மைதானத்தை விட்டு வெளியே, தெருவுக்குள். சீனிப்பாண்டி அலறிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"ஏத்தா! வெளிய போவக் கூடாது!"

"கால் தரையில படக் கூடாதுன்னுதான வெதி? தெருவுல ஓட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்? நீரு என் காலப் பாத்துக்கிட்டே ஓடியாரும்!"

வீட்டு வாசலில் அவள் நிற்காமல் வட்டமடிக்க, அக்காவும் அத்தானும் சண்டையை நிறுத்தாமலே ஆளுக்கொரு பக்கம், கீழே இறங்கி வந்த பிள்ளையைத் தாங்கிக் கேரியரில் உட்கார்த்தினார்கள். சைக்கிள் ஒருமுறை சாய்ந்தது. சீனிப்பாண்டி மண்டி போட்டுக் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தான். "படல!" என்று கத்தினான். அவன் ஒன்றை நம்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நோட்டுகள் படபடக்க வடிவு மிதிக்க, தம்பி அவள் முதுகில் தலையைச் சாய்த்துக்கொள்ள, கூட்டம் ரெண்டாகப் பிளந்தது. நான் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். அணைத்தேனா என்றுகூட நினைவில்லை.

இப்போது திருநெல்வேலி. இத்தனை நாளும் அவனைக் கூட்டி வந்தால் சிகிச்சை அறை வாசலோடு நின்றுவிடுவேன். பஸ் நேரம் விசாரிக்கணும், டீ குடிக்கணும், போன் வந்தது என்று ஏதாவது ஒரு சாக்கு. இன்று டாக்டரம்மா, "மாமா நீங்களும் வாங்க" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். தப்பிக்க வழியில்லை.

அவன் கையில் ரெண்டு ஊசி. ரெண்டு குழல். ஒன்றில் ரத்தம் போகிறது, ஒன்றில் வருகிறது. நடுவில் ஒரு மெஷின் சுற்றுகிறது. இதைப் பற்றி என்னிடம் உவமை எதுவும் இல்லை.

சாயங்காலம் வடிவிடமிருந்து போன் வந்தது. இறங்கிவிட்டாள். நிற்க முடியாமல் மைதானத்திலேயே படுத்துக்கொண்டு பேசினாள். "அப்பாவும் சீனி மாமாவும் எண்ணிக்கிட்டு இருக்காவ. பழைய வேன் ஒண்ணுக்கு முன்பணம் தேறும்னு சொல்லுதாவ. எலும்புக்கூடு எப்படி இருக்கான்?" தேறிவிட்டான் என்றேன். "யாரு சொல்லுதா? நீங்களா, டாக்டரா?" என்றாள். போனை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

இன்று தாமதமாக ஆரம்பித்ததால் மெஷின் இன்னும் நிற்கவில்லை. கழுகாசலம் கண்ணைத் திறந்தான்.

"என்ன மாமா எழுதுறிய?"

"கணக்கு."

"பொய்." உதட்டை நனைத்துக்கொண்டான். "நேரமே ஓட மாட்டேங்கு. எதாவது பேசுங்க."

"என்னத்தப் பேச? நடந்ததச் சொல்லவா?"

"நடந்ததுதான் எனக்குத் தெரியுமே." கண்ணை மூடிக்கொண்டான். "பொய்யாவே சொல்லுங்க. பெருசா."

நாற்காலியைக் கட்டிலோடு இழுத்துப் போட்டுக்கொண்டேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.